கஞ்சாக் கடையின் வரியைக் கட்ட நான்கு வழிகள்: எதற்கு எத்தனை மார்க்

கலிபோர்னியாவில் மாநில உரிமம் பெற்ற ஒரு கஞ்சாக் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். விற்பனை முழுவதும் சட்டப்படி நடக்கிறது. வந்து இறங்கும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தின் மெட்ரக் பதிவேட்டில் எண் உண்டு, வாங்க வருபவரின் அடையாள அட்டையைப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. அப்படியிருந்தும் கடைக்கு நெடுங்காலம் வங்கிக் கணக்கு கிடைக்கவில்லை. வரி கட்டுவதென்றால் பணத்தை எண்ணி, கட்டுப்போட்டு, பையில் வைத்து, ஒருவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இந்தத் தொழிலில் முதல் போடலாமா, வேலைக்குச் சேரலாமா என்று இங்குள்ள தமிழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கடை எங்கே போடலாம், என்ன விற்கலாம் என்பதைப் பற்றியே பேசுவார்கள். வரியை எப்படிக் கட்டுவீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. அதனால் நான் பயன்படுத்திய வழிகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு எழுதுகிறேன். என் அளவுகோல் இரண்டுதான். கடைசியில் தேதியும் தொகையும் போட்ட தாள் கையில் கிடைக்கிறதா? பணத்தைக் கொண்டுபோனவர் பத்திரமாகத் திரும்பி வருகிறாரா?

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1970-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கஞ்சாவை, மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட போதைப்பொருள்களுக்கான முதல் அட்டவணையில், ஹெராயினோடு சேர்த்து வைத்தது. கலிபோர்னியா 1996-இல் மருத்துவத்துக்கும் 2016 வாக்கெடுப்பில் பெரியவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கும் அனுமதி கொடுத்தது. 2018 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்பனை. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தின் கண்ணில் இது போதைப்பொருள் பணம். அதைக் கையால் தொட்டால் கள்ளப் பணத்தை வெள்ளையாக்கியதாக வழக்கு வருமோ என்று வங்கிகள் ஒதுங்குகின்றன. 2014 பிப்ரவரியில் கருவூலத் துறையின் ஃபின்சென் பிரிவு, என்னென்ன செய்தால் இந்தத் தொழிலுக்கு வங்கிகள் கணக்குக் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை நம்பித்தான் சில கிரெடிட் யூனியன்களும் (உறுப்பினர்களுக்கான கூட்டுறவு வங்கிகள்) சிறு வங்கிகளும் இன்று கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. கிரெடிட் கார்டு கிடையாது. 2023-இல் மாஸ்டர்கார்டு டெபிட் கார்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே கல்லாவில் விழுவது பெரும்பாலும் நோட்டு, அதிலும் 20 டாலர் நோட்டு.

அடுத்தது 280இ. வருமான வரிச் சட்டத்தின் இந்தப் பிரிவு 1982-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மின்னியாபோலிஸ் போதைப்பொருள் வியாபாரி ஒருவர் தராசு, வண்டி, வீட்டு வாடகைச் செலவுகளைக் கழித்துக்கொள்ள வரி நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த ஓட்டையை அடைத்தது. அன்று தெருவோர வியாபாரிக்காகப் போட்ட பூட்டு இன்று உரிமம் பெற்ற கடை மீது விழுகிறது. முதல், இரண்டாம் அட்டவணைப் பொருள்களை விற்பவர் சரக்கின் அடக்க விலையைக் கழிக்கலாம். வாடகை, சம்பளம், மின்சாரம், காவலாளி எதையும் கழிக்க முடியாது. ஓக்லாந்தின் ஹார்பர்சைடு கடை இதை எதிர்த்து வழக்காடி 2018-இல் வரி நீதிமன்றத்திலும் 2021-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு விற்பனை 20 லட்சம் டாலர், சரக்கின் அடக்கம் 10 லட்சம், மற்றச் செலவு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் லாபம் 1 லட்சம், அதற்கு 21 சதவீதம், 21 ஆயிரம் டாலர் வரி. கஞ்சாக் கடைக்கு 10 லட்சத்துக்கும் வரி: 2 லட்சத்து 10 ஆயிரம். உண்மையான லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நான்கு தவணையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 52,500 டாலர். 20 டாலர் நோட்டில் 2,625 தாள். ஒரு நோட்டு ஒரு கிராம் எடை, எனவே இரண்டரைக் கிலோவுக்கு மேல். இதை வைத்துப் பார்த்தால்தான் கீழே சொல்லும் வழிகளின் அருமையும் கஷ்டமும் புரியும்.

சரி, முதல் வழி: மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் உதவி மையத்தில் நேரில் ரொக்கம்.

இது நடக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. ரொக்கம் கட்ட வேண்டுமென்றால் தொலைபேசியில் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். 30 முதல் 60 நாள் முன்பே கூப்பிடுங்கள் என்று ஐஆர்எஸ் சொல்கிறது. வரித் தவணைகள் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 15-ஆம் தேதிகளில் வருவதால், ஒரு தவணை கட்டிய கையோடு அடுத்ததற்குக் கூப்பிட்டுவிடுவேன். கவுண்டரில் இருந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தில் எனக்குக் குறையே இல்லை. என்ன தொழில் என்று கேட்டபோது சொன்னேன், முகம் மாறவில்லை. நம் கண்ணெதிரிலேயே எண்ணினார்கள், எண்ணி முடித்ததும் படிவம் 809 என்ற அதிகாரபூர்வ ரசீது கொடுத்தார்கள். அந்த ஒரு தாளுக்காகவே இந்த வழிக்கு மரியாதை கொடுப்பேன்.

ஆனால் முந்தின நாளே வேலை தொடங்கிவிடுகிறது. நோட்டு எண்ணும் மெஷினில் இரண்டு சுற்று, கள்ளநோட்டு பார்க்க ஒரு சுற்று. கள்ளநோட்டு ஒன்று கவுண்டரில் மாட்டினால் அது போனதுதான், அந்த அளவுக்குத் தொகை குறையும். அப்புறம் நூறு நூறாகப் பட்டை போட வேண்டும்: 20 டாலருக்கு 2,000 என்று அச்சடித்த ஊதாப் பட்டை, 100 டாலருக்குக் கடுகு நிறப் பட்டை, 10 டாலருக்கு மஞ்சள். 52,500 என்றால் 26 ஊதாக் கட்டும் உதிரியாக 25 நோட்டும். சரக்கு அறையில் வைத்த பணத்தில் வாசனை ஏறிவிடும், ஆகவே பணப்பெட்டகத்தைச் சரக்கு இல்லாத அறையில் வைக்கச் சொல்லி மாற்றினேன். எண்ணுபவருக்கும் அது உதவி, பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பவருக்கும் அது பாதுகாப்பு.

அந்த நடைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடை மேலாளர் பையை வைத்திருப்பார், நான் காகிதங்களை வைத்திருப்பேன். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கட்டடத்து வாசல் வரை அவர் பேசவே மாட்டார். ஒருவருடைய வரியைக் கட்ட இன்னொருவர் தன் உடம்பைப் பணயம் வைப்பது நியாயமில்லை என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ரசீதுக்கு முழு மார்க், பாதுகாப்புக்கு மிகக் குறைவு. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று.

ஊழியர்களின் சம்பளத்தில் பிடிக்கும் வரி தனிக் கதை. அதை மின்னணு முறையில்தான் செலுத்த வேண்டும் என்பது விதி. ரொக்கமாகக் கொண்டுபோனால் 10 சதவீத அபராதம். டென்வரில் ஆல்கிரீன்ஸ் என்ற கடை, வங்கி கணக்கே தராதபோது மின்னணு முறையில் எப்படிக் கட்டுவது என்று கேட்டு நீதிமன்றம் போனது. ஐஆர்எஸ் இறங்கி வந்தது. 2015-இல், கணக்குத் திறக்க முயன்றும் கிடைக்காதவர்களுக்கு இந்த அபராதத்தை நீக்கலாம் என்று தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே உங்களை மறுத்த ஒவ்வொரு வங்கியின் கடிதத்தையும் மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால், யாரிடம் எந்தத் தேதியில் பேசினோம் என்று அன்றே எழுதி வையுங்கள். எங்கள் கோப்பில் அப்படி ஒரு தடித்த பகுதி இருக்கிறது. வங்கி ஒன்று, கணக்குத் திறந்து கொடுத்து, தொழில் என்னவென்று தெரிந்ததும் ஒரு கடிதத்தோடு மூடிவிட்டது. அந்தக் கடிதமும் அதில்தான்.

இரண்டாவது வழி, மாநில வரி அலுவலகமான சிடிடிஎஃப்ஏ. கலிபோர்னியாவில் கஞ்சாவுக்கு 15 சதவீத எக்சைஸ் (கலால்) வரி. 2025 ஜூலையில் 19 ஆக ஏறி, அக்டோபரில் மறுபடி 15-க்கு இறங்கியது. மூன்று மாதங்களுக்குள் பில்லிங் மென்பொருளை இரண்டு தடவை மாற்றியவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். எக்சைஸைச் சேர்த்து வரும் தொகை மேல்தான் விற்பனை வரி. 100 டாலர் பொருளுக்கு எக்சைஸ் 15, அந்த 115 மேல் மாநிலத்தின் குறைந்தபட்ச 7.25 சதவீதம், ஆக 123 டாலர் 34 சென்ட். நகர வரி இருந்தால் அது தனி. இந்தப் பணம் கடையுடையது அல்ல, வாடிக்கையாளரிடமிருந்து வாங்கி மாநிலத்துக்காக வைத்திருப்பது. இதை எடுத்து வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் காலாண்டு முடிவில் தவிக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். தினமும் கல்லாவை மூடும்போதே தனிப் பையில் எடுத்து வைப்பது என்பதில் நான் கண்டிப்பு.

பெரிய தொகை கட்டும் கடைகள் மின்னணு முறையில்தான் கட்ட வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு. ரொக்கமாகக் கட்ட முன்னரே விலக்கு கேட்டு வாங்க வேண்டும், நேரமும் வாங்க வேண்டும். எல்லா அலுவலகங்களிலும் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால் எது என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் கவுண்டரில் வேலை சுமுகமாக முடிகிறது. கஞ்சாப் பணத்தை எண்ணிப் பழகியவர்கள் என்பதால் ஐஆர்எஸ்ஸைவிடக் கொஞ்சம் வேகம். தூக்கிக்கொண்டு போகும் பயம் அதேதான். ஐந்துக்கு மூன்றரை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் விவரம் கொடுத்தால் ஒரு பார்கோடு வரும், அதைச் சில சங்கிலிக் கடைகளில் காட்டி ஐஆர்எஸ்ஸுக்கு ரொக்கம் கட்டலாம். ஒரு தடவைக்கு உச்சவரம்பு 500 டாலர். உரிமையாளரின் சொந்த வரியில் ஒரு சின்ன பாக்கிக்குப் பயன்படுத்தினோம், வேலை நடந்தது, கட்டணமும் அதிகமில்லை. ஆனால் 52,500 கட்ட 105 தடவை போக வேண்டும். தொழிலுக்கு இது ஆகாது. ஐந்துக்கு ஒன்று, அதுவும் சொந்த வரிக்கு மட்டும்.

நான்காவதுதான் இப்போது நாங்கள் பயன்படுத்துவது: கஞ்சாத் தொழிலை ஏற்கும் ஒரு கிரெடிட் யூனியனில் கணக்கு, கூடவே பணத்தை எடுத்துப்போக ஒரு கவச வண்டிச் சேவை. பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம், இவர்கள் விளம்பரத்தை விரும்புவதில்லை. உங்கள் வக்கீலையும் கணக்காளரையும் கேட்டால் உங்கள் பகுதியில் யார் என்று சொல்வார்கள்.

கணக்குத் திறக்கக் கேட்ட காகிதங்கள் ஒரு பெட்டி நிறைய. உரிமம், குத்தகைப் பத்திரம், பங்குதாரர் ஒவ்வொருவரின் பின்னணி, முதல் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம், வரிப் படிவங்கள், மெட்ரக்கிலிருந்து விற்பனை அறிக்கை. ஆள் வந்து கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் விடுவதில்லை, செலுத்தும் பணம் மெட்ரக் விற்பனையோடு ஒத்துப்போகிறதா என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். ஒரு நாள் கணக்கு இடித்தால் மறுநாள் மின்னஞ்சல் வந்துவிடும். ஃபின்சென் வழிகாட்டுதல்படி, கடை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் இவர்கள் அரசுக்குச் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பியாக வேண்டும். குறை எதுவும் இல்லாத கடைக்கு ‘மரிஹுவானா லிமிடெட்’ என்ற தலைப்பில் அது போகும். அந்த உழைப்புக்கெல்லாம் சேர்த்துத்தான் கட்டணம். எங்கள் கடைக்கு மாதம் 1,500 டாலர், வண்டி வரும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம். பக்கத்துப் பேக்கரிக்கு இலவசமாகக் கிடைக்கும் கணக்கு இது. 280இ காரணமாக, இந்தக் கட்டணத்தையும் செலவாகக் கழிக்க முடியாது என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இருந்தாலும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இப்போது தவணைத் தேதிக்கு என் மேசையிலிருந்தே வரி போகிறது. ஐஆர்எஸ்ஸின் இஎஃப்டிபிஎஸ் தளத்தில் கெடு நாளுக்கு முந்தின நாள் கிழக்கு நேரம் இரவு 8 மணிக்குள், அதாவது எங்களுக்கு மாலை 5 மணிக்குள், பதிந்துவிட்டால் போதும். உடனே உறுதி எண் வருகிறது. மாநில வரி, சம்பள வரி, நகர வரி எல்லாம் அப்படியே. சம்பளம் ரொக்க உறையில் கொடுத்த காலம் போய், ஊழியர்களின் கணக்கில் விழுகிறது. எங்களிடம் கவுண்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண், சம்பளச் சீட்டைக் காட்டி வீடு வாடகைக்கு எடுக்க முடிந்தது என்று என்னிடம் வந்து சொன்னாள். வரிக்காகத் தேடிய கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பலன் அதுதான்.

வண்டிச் சேவையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருபவர்கள் சீல் வைத்த பையை எண் சரிபார்த்து வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நோட்டுகளைத் தங்கள் பெட்டகத்தில் எண்ணிய பிறகே தொகை கணக்கில் ஏறும். எனவே கெடு நாளை ஒட்டிக் கொடுத்தால் பணம் வந்து சேராது, ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும். எங்களுக்கு வரும் நிறுவனம் ஒரு நாள் சொன்ன நேரத்தில் வராமல், தகவலும் சொல்லாமல், பெட்டகம் நிரம்பி வழிய விட்டது. இன்னொரு நாள் எங்கள் எண்ணிக்கைக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டு வித்தியாசம். கேமரா பதிவோடு காட்டியதும் சரிசெய்தார்கள். எண்ணும் மேசைக்கு நேர் மேலே கேமரா இருப்பது அவசியம் என்று சொல்வது இதனால்தான்.

வண்டியில் ஏறிவிட்டால் பணம் பத்திரம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. 2021-இல் எம்பைரியல் லாஜிஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் வண்டியைக் கான்சஸில் காவலர்கள் நிறுத்தி 1 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு மேல் பறிமுதல் செய்தார்கள். அது மிசூரியின் உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாக் கடைகளின் பணம். பிறகு கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மாவட்டத்திலும் நிறுத்திப் பணத்தை எடுத்தார்கள். நிறுவனம் வழக்குப் போட்டு, சான் பெர்னார்டினோவில் எடுத்த 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணம் 2022-இல் திரும்பக் கிடைத்தது. சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பாதையில் போகிறார்கள், மாநில எல்லையைத் தாண்டுகிறார்களா, பறிமுதல் ஆனால் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தைப் பேரம் பேசுவதைவிட இது முக்கியம்.

கிரெடிட் யூனியனுக்கு ஐந்துக்கு நாலரை, வண்டிக்கு மூன்றரை. சேர்த்து நான்கு.

இரண்டு எச்சரிக்கைகளைத் தமிழர்களுக்கென்றே சொல்கிறேன். 10 ஆயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் அரசுக்கு அறிக்கை போகும் என்பதற்காக, ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமாகப் பிரித்துப் போடச் சொல்லி யோசனை தருபவர்கள் இருக்கிறார்கள். பணம் நேர்மையானதாக இருந்தாலும் அப்படிப் பிரிப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அறிக்கை போகட்டும், அதில் ஒன்றும் இல்லை. உங்களிடமிருந்து பெரிய தொகையை ரொக்கமாக வாங்கும் கட்டட உரிமையாளரும் கணக்காளரும் அதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் 8300 போட வேண்டியிருக்கும், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மற்றது குடியேற்றம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், மாநிலம் அனுமதித்த தொழில்தானே என்று இதில் இறங்க வேண்டாம். கஞ்சாத் தொழிலில் ஈடுபாடு குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. உள்ளே கணக்கு எழுதுவதும் ஈடுபாடுதான். நான் குடியுரிமை வாங்கிய பிறகே இந்த வேலையை ஏற்றேன். கிரீன் கார்டில் இருக்கும் தம்பி ஒருவர் பகுதிநேர வேலை கேட்டு வந்தபோது, வக்கீலைப் பார்க்காமல் வராதே என்று திருப்பி அனுப்பினேன்.

சட்டம் மாறினால் இவ்வளவும் தேவையில்லையே என்று கேட்பார்கள். வங்கிகளுக்குப் பாதுகாப்புத் தரும் சேஃப் பேங்கிங் மசோதா 2019 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 321-103 என்று நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது. 2023-இல் அதன் புதிய வடிவம் செனட் வங்கிக் குழுவில் 14-9 என்று தேறியும் சட்டமாகவில்லை. கஞ்சா மூன்றாம் அட்டவணைக்குப் போனால் 280இ அதைத் தொடாது, அது பெரிய விடுதலை. ஆனால் வரி குறையுமே தவிர, வங்கிக் கணக்கு தானாகக் கிடைத்துவிடாது. மாற்றம் வரும் என்று நம்பி இந்தக் காலாண்டுத் தவணையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கணக்கு இன்னும் கிடைக்காதவர்கள் இன்றே ஐஆர்எஸ்ஸைக் கூப்பிட்டு நேரம் வாங்குங்கள், மாநில விலக்குக்கும் மனுப் போடுங்கள், அதே வாரத்தில் கிரெடிட் யூனியனுக்கும் விண்ணப்பியுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடட்டும். சங்கிலிக் கடையில் தரும் ரசீது வெப்பத்தாளில் அச்சாகிறது, சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். கட்டிய அன்றே ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.